கணினித் தொடக்கத்தில் வட்டுச் சரிபார்ப்புச் செய்திகள்: உரையை இழந்த மூலத்தின் வரலாறு

முன்னுரை

கணினியை இயக்கியதும் பழகிய முகப்புத்திரை தோன்ற வேண்டிய நேரத்தில், சில வேளைகளில் கருந்திரையில் வெண்ணிற எழுத்துகள் வரிவரியாக ஓடுகின்றன. வட்டு சரிபார்க்கப்படுகிறது என்று ஒரு வரி கூறுகிறது. பிழை காணப்பட்டதாக மற்றொரு வரி கூறுகிறது. ஏதேனும் ஒரு விசையை அழுத்துமாறு மூன்றாவது வரி கேட்கிறது. அவ்வட்டில் ஓர் ஆய்வு மாணவரின் மூன்றாண்டு உழைப்போ, ஒரு பள்ளியின் தேர்வுப் பதிவுகளோ இருக்கக்கூடும். ஆயினும் எந்த விசை எதைக் காக்கும், எதை அழிக்கும் என்பதை அச்செய்தி பெரும்பாலும் சொல்வதில்லை.

இச்செய்திகளின் தெளிவின்மைக்கு அவற்றை எழுதிய நிரலாளரின் மொழித்திறன் குறைவே காரணம் எனக் கருதுவது எளிது. வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. இவை தோன்றியபோது விரிவான விளக்கவுரையுடன் தோன்றின; அவ்வுரையைக் கற்ற வாசகரும் இருந்தனர். பின்னர் கணினி பரவியது, செய்தி மட்டும் உடன் சென்றது, உரை பின்தங்கியது. மூலத்தையும் உரையையும் இணைத்தே பயின்று பழகிய தமிழ் ஆய்வாளர்க்கு இந்நிலை எளிதில் விளங்கும். இவ்வரலாற்றை 1970களிலிருந்து இன்றுவரை தொடர்ந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். செய்திகளின் குறைகளை மதிப்பிட, நன்னூல் கூறும் பத்து வகைக் குற்றங்களுள் குன்றக் கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல் ஆகிய மூன்றும் ஈண்டு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன.

1. சரிபார்ப்பு ஏன் தேவைப்பட்டது?

வட்டில் ஒரு கோப்பு உருவாகும்போது ஒரே ஒரு பதிவு மட்டும் நிகழ்வதில்லை. கோப்பின் அளவு, உரிமையாளர், அது இருக்கும் இடங்கள் ஆகியவற்றைக் குறிக்கும் பதிவு ஒன்று. கோப்பின் பெயரை அடைவில் சேர்க்கும் பதிவு மற்றொன்று. எஞ்சியுள்ள வெற்றிடங்களின் பட்டியலைத் திருத்தும் பதிவு வேறொன்று. இவை வட்டின் வெவ்வேறு பகுதிகளில் எழுதப்படுகின்றன. மேலும், விரைவு கருதி இயங்குதளம் இவற்றை முதலில் நினைவகத்தில் வைத்துக்கொண்டு பின்னரே வட்டில் எழுதுகிறது. தொடக்கக்கால யூனிக்ஸ் முறைமையில் நினைவகத்தில் தேங்கியவற்றை 30 விநாடிக்கு ஒருமுறை வட்டுக்கு அனுப்பத் தனி நிரலே இயங்கிவந்தது. இடையில் மின்சாரம் நின்றால் ஒரு பதிவு எழுதப்பட்டும் மற்றொன்று எழுதப்படாமலும் போகும்.

இதனை ஒரு நூலகத்தோடு ஒப்பிடலாம். நூற்பட்டியலில் ஒரு நூல் பதிவாகியிருக்கிறது. நிலைப்பேழையில் அந்நூல் இல்லை. வேறொரு நூல் பேழையில் இருக்கிறது. பட்டியலில் அதன் பெயர் இல்லை. வட்டுச் சரிபார்ப்பு என்பது பட்டியலையும் பேழையையும் ஒப்புநோக்கும் பணியாகும். நூலின் பக்கங்கள் கிழிந்துள்ளனவா, எழுத்துகள் அழிந்துள்ளனவா என்று அது பார்ப்பதில்லை. மரபான சரிபார்ப்பு நிரல்கள் காப்பது முறைமையின் ஒழுங்கைத்தான். கோப்பின் உள்ளடக்கத்தை அன்று. இவ்வேறுபாடே இப்பொருளின் அடிப்படை. இதனைத் தெளிவுறச் சொல்லும் தொடக்கச் செய்தி மிக அரிது.

2. மூலமும் உரையும்: யூனிக்ஸ் காலம்

பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான யூனிக்ஸின் தொடக்கப் பதிப்புகளில் இப்பணிக்கு ஐசெக், டிசெக் போன்ற தனித்தனிச் சிறு நிரல்கள் இருந்தன. ஒன்று இடங்களின் கணக்கைப் பார்த்தது. மற்றொன்று அடைவுகளின் கணக்கைப் பார்த்தது. குறை தெரிந்தபின் அதனை நீக்க வேண்டியவர் கணினியை இயக்குபவரே. எந்தப் பதிவை அழிப்பது, எதை விடுவது என்பதை அவர் கோப்பு முறைமையின் அமைப்பை நன்கறிந்து முடிவு செய்தார்.

1970களின் பிற்பகுதியில் டி. ஜே. கோவால்ஸ்கி எழுதிய எஃப்எஸ்செக் என்னும் நிரல் இப்பணிகளை ஒன்றாக்கியது. அது சரிபார்ப்பை ஐந்து கட்டங்களாகப் பிரித்தது: இடங்களும் அளவுகளும், கோப்புப் பெயர்களின் வழிகள், அடைவுகளின் தொடர்பு, சுட்டுகளின் எண்ணிக்கை, வெற்றிடப் பட்டியல். ஒவ்வொரு கட்டத்திலும் முரண் கண்டால் மிகச் சுருங்கிய வினா ஒன்றை எழுப்பியது. ஒரு கோப்பை எந்த அடைவும் சுட்டவில்லையெனில், அதனை மீண்டும் இணைக்கலாமா என்று கேட்டது. ‘ஆம்’ என்றால், ‘தொலைந்து கிடைத்தவை’ என்று பொருள்படும் பெயருடைய அடைவில் அக்கோப்பை வைத்தது. ‘இல்லை’ என்றால், அதனை அழிக்கலாமா என்று அடுத்துக் கேட்டது.

இவ்வினாக்கள் இரண்டொரு சொற்களால் ஆனவை. எனினும் குன்றக் கூறல் எனும் குற்றம் அவற்றுக்கு முழுமையாகப் பொருந்தாது. ஏனெனில் கோவால்ஸ்கி நிரலோடு ஒரு கட்டுரையும் எழுதினார். கோப்பு முறைமை எவ்வாறு அமைந்துள்ளது, அது எவ்வாறு சிதைகிறது என்பவற்றை அக்கட்டுரை முதலில் விளக்குகிறது. அதன் பின்னிணைப்பு, நிரல் வெளியிடும் ஒவ்வொரு செய்தியையும் எடுத்துக்கொண்டு, அதன் பொருள் யாது, தரக்கூடிய விடைகள் யாவை, ஒவ்வொரு விடையாலும் விளைவது யாது என்று கூறுகிறது. இதனைச் செய்திதோறும் எழுதப்பட்ட பதவுரை எனலாம். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து 1983இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி பதிப்புக்காக மார்ஷல் கர்க் மெக்கூசிக் இக்கட்டுரையைத் திருத்தி விரிவாக்கினார்.

பெர்க்லி பதிப்புகளில் முக்கியமான மாற்றம் ஒன்றும் நிகழ்ந்தது. கணினி தொடங்கும்போது ஆள் துணையின்றித் தானே சரிபார்க்கும் முறை ஏற்பட்டது. தீங்கற்ற சிறு முரண்களை நிரல் தானே நீக்கும். எதிர்பாராத முரண் தென்பட்டால், நிரலை நேரடியாக இயக்குமாறு கூறித் தொடக்கத்தை நிறுத்திவிடும். அறிந்த ஒருவர் வந்து முடிவெடுக்கட்டும் என்பதே அதன் கருத்து. அறிந்தவர் எப்போதும் அருகில் இருப்பார் என்னும் நம்பிக்கை அச்செய்திக்குள் அடங்கியிருந்தது.

3. உரை பிரிந்த காலம்: தனியாள் கணினி

1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினியின் டாஸ் இயங்குதளத்தில் செக்டிஸ்க் எனும் கட்டளை இடம்பெற்றது. இப்போது கணினியை இயக்குபவரும் அதன் உரிமையாளரும் ஒருவரே. அவர் கணக்காளராகவோ ஆசிரியராகவோ இருந்தார். முறைமையின் உள்ளமைப்பை அவர் கற்றிருக்கவில்லை. கற்க வேண்டும் என்று எவரும் அவருக்குச் சொல்லவுமில்லை.

செக்டிஸ்க்கின் செய்திகளுள் பலரைக் குழப்பியது ஒன்றுண்டு. இத்தனை தொடர்களில் இத்தனை கிளஸ்டர்கள் தொலைந்துள்ளன, அவற்றைக் கோப்புகளாக மாற்றலாமா என்று அது கேட்டது. கிளஸ்டர் என்பது வட்டில் இடம் ஒதுக்கப்படும் அலகு என்பதை அறியாதவர்க்கு இவ்வினாவில் பற்றிக்கொள்ள ஒரு சொல்லும் இல்லை. ‘தொலைந்துள்ளன’ என்றால் தம் கோப்பு தொலைந்ததென்றே அவர் அஞ்சினார். உண்மையில் தொலைந்தது கோப்புக்கும் இடத்துக்கும் இருந்த தொடர்பு. ‘ஆம்’ என்றால் வரிசை எண் மட்டுமே பெயராகக் கொண்ட கோப்புகள் வட்டின் முதன்மை அடைவில் குவிந்தன. அவற்றில் இருப்பது தம் கட்டுரையின் ஒரு பகுதியா, எப்போதோ அழித்த ஒன்றின் எச்சமா என்பதை அவரே திறந்து பார்த்தறிய வேண்டியிருந்தது.

இதனினும் வியப்புக்குரியது வேறொன்று. பிழையைத் திருத்துவதற்குக் கட்டளையோடு எஃப் எனும் எழுத்தைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிடினும் அக்கட்டளை தன் முந்தைய பதிப்புகளில் மாற்றலாமா என்று கேட்கவே செய்தது. ‘ஆம்’ எனும் விடையையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் வட்டில் எதையும் எழுதவில்லை. எஃப் குறிக்கப்படாததால் திருத்தங்கள் எழுதப்படமாட்டா என்ற வரி ஒன்றே அதனை உணர்த்தியது. செய்யப்போவதுபோல் கேட்டுச் செய்யாமல் விடுவது மாறுகொளக் கூறலுக்குத் தக்க சான்றாகும். சரிசெய்துவிட்டோம் என்று கருதியவரின் வட்டு சரிசெய்யப்படாமலேயே இருந்தது.

4. வாசகர்மீது பழி சுமத்திய செய்தி

1993இல் எம்எஸ்-டாஸ் 6.2 பதிப்புடன் ஸ்கேன்டிஸ்க் வந்தது. வண்ணத்திரையும் பட்டியல் வடிவமும் கொண்ட அது, செக்டிஸ்க்கைவிட வாசகர்க்கு நெருக்கமானது. 1996இல் வெளிவந்த விண்டோஸ் 95இன் இரண்டாம் வெளியீட்டிலும் பின்னர் விண்டோஸ் 98இலும், முறையாக நிறுத்தப்படாத கணினி மறுபடி தொடங்கும்போது ஸ்கேன்டிஸ்க் தானே இயங்கியது.

அப்போது தோன்றிய நீலத்திரைச் செய்தி பலர்க்கு நினைவிருக்கும். விண்டோஸ் முறையாக நிறுத்தப்படாததால் வட்டுகளில் பிழை இருக்கலாம் என்றும், இச்செய்தியை மறுபடி காணாதிருக்கத் தொடக்கப் பட்டியலிலிருந்து முறைப்படி நிறுத்துக என்றும் அது அறிவுறுத்தியது. மொழி எளிமையாக இருந்தது, பொருளும் விளங்கியது. ஆனால் காரணம் பிழையாகக் காட்டப்பட்டது. மின்வெட்டு ஏற்பட்டிருக்கலாம், இயங்குதளமே உறைந்துபோய், மின்பொத்தானை அழுத்துவதைத் தவிர வேறு வழி இல்லாமற் போயிருக்கலாம். இவற்றுள் எது நிகழ்ந்தாலும் செய்தி ஒன்றே. தான் செய்யாத தவற்றுக்காகக் கண்டிக்கப்பட்ட பயனர் காலப்போக்கில் அதனைப் படிப்பதையே விட்டுவிட்டார். அல்லது கணினியைத் தாமே கெடுத்துவிட்டதாக நம்பினார். எளிய சொற்களால் மட்டும் தெளிவு வந்துவிடாது என்பதற்கு இச்செய்தி நல்ல சான்று.

5. ‘அழுக்கு’ எனும் சொல்

1993இல் வந்த விண்டோஸ் என்டி, என்டிஎஃப்எஸ் எனும் புதிய கோப்பு முறைமையைக் கொண்டிருந்தது. இதில் மாற்றங்கள் முதலில் ஒரு பதிவேட்டில் குறிக்கப்படும். மின்சாரம் நின்றாலும், மறுபடி தொடங்கும்போது பதிவேட்டைப் பார்த்து முறைமை தன்னைச் சில நொடிகளில் சீர்செய்துகொள்ளும். முழுச் சரிபார்ப்புக்கான தேவை இதனால் பெரிதும் குறைந்தது. எனினும் முறைமையில் முரண் தென்பட்டால் வட்டில் ஒரு குறி இடப்படும். அக்குறி இருந்தால் அடுத்த தொடக்கத்தில் சரிபார்ப்பு நிகழும். அக்குறி இடப்பட்ட வட்டை ‘அழுக்கானது’ என்றும், குறியற்றதைத் ‘தூய்மையானது’ என்றும் நிரலாளர்கள் அழைத்தனர்.

நிரலாளர்க்குள் வழங்கிய இக்கலைச்சொல் அப்படியே பயனரின் திரையிலும் தோன்றியது. வட்டு அழுக்காக உள்ளது என்று படிப்பவர், தூசியோ நச்சுநிரலோ புகுந்துவிட்டது என்று எண்ணுவது இயல்பே. ஒரு சொல் இரு பொருள்பட நிற்கும்போது, வாசகர் தாம் அறிந்த பொருளையே கொள்வார். மயங்க வைத்தல் என்பது இதுவேயாகும்.

2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, சரிபார்ப்பைத் தவிர்க்க விரும்பினால் பத்து விநாடிக்குள் ஒரு விசையை அழுத்தலாம் என்றது. தொடர்வதே நல்லது என வலியுறுத்தவும் செய்தது. ஏன் நல்லது, தவிர்த்தால் என்ன நேரும் என்பவற்றைக் கூறவில்லை. பத்து விநாடியில் எடுக்க வேண்டிய முடிவுக்கு அது தந்த சான்று எதுவுமில்லை. சரிபார்ப்பு முடிந்ததும் விளைவுகள் திரையில் ஒரு கணம் தோன்றி மறைந்தன. அவற்றின் நகல் நிகழ்வுப் பதிவேட்டில் வின்லாகான் எனும் தலைப்பின்கீழ்ச் சேமிக்கப்பட்டது. விஸ்டாவிலும் விண்டோஸ் 7இலும் அத்தலைப்பு வின்இனிட் என மாறியது. வட்டு என்ற சொல்லே இல்லாத பெயரின்கீழ் வட்டின் செய்தியைத் தேட வேண்டும் என்று பயனர் எவ்வாறு அறிவார்?

6. லினக்ஸ்: வழக்கமும் பிழையும் ஒரே குரலில்

லினக்ஸ், யூனிக்ஸின் சரிபார்ப்பு மரபைத் தன்னதாக்கிக்கொண்டது. அதன் இரண்டாம் விரிநிலைக் கோப்பு முறைமையில் பயனர் எதிர்பாராத ஒரு வழக்கம் இருந்தது. குறிப்பிட்ட தடவைகள் தொடங்கியபின், அல்லது 180 நாள் கடந்தபின், எந்தப் பிழையும் இல்லாவிடினும் முழுச் சரிபார்ப்பு கட்டாயமாக நிகழும். வட்டு இத்தனை முறை சரிபார்ப்பின்றி இணைக்கப்பட்டது, ஆகவே சரிபார்ப்பு வலிந்து செய்யப்படுகிறது என்று செய்தி கூறும். இது வழக்கமான பராமரிப்பே. ஆனால் ‘வலிந்து’ என்ற சொல்லும், நெடுநேரம் அசையாத திரையும், ஏதோ கெட்டுவிட்டது என்ற அச்சத்தையே விளைத்தன. அச்சமுற்றவர் மின்சாரத்தைத் துண்டித்தால், இல்லாத சிதைவு உண்மையாகவே உண்டாக வாய்ப்பிருந்தது. இவ்வழக்கம் 2011இல் புதிய கோப்பு முறைமைகளுக்கு இயல்பிருப்பிலிருந்து நீக்கப்பட்டது.

நலமாக உள்ள வட்டைப் பற்றிய செய்தியும் குழப்பத்துக்குத் தப்பவில்லை. ‘தூய்மை’ என்ற சொல்லுக்குப்பின் கோப்புகளுக்கு ஒன்றும் இடங்களுக்கு ஒன்றுமாக இரு பின்னங்கள் வரும். பயன்பட்ட அளவும் மொத்த அளவுமே அவை. அறியாதவர் அவற்றைப் பிழைகளின் எண்ணிக்கை என்று கொண்டனர்.

2001 நவம்பரில் பதிவேட்டு முறை கொண்ட மூன்றாம் விரிநிலைக் கோப்பு முறைமை லினக்ஸ் கருவில் சேர்ந்தது. சரிபார்ப்பு அருகியது, அருகியதனாலேயே அதன் செய்தி வாசகர்க்கு மேலும் அயலானது. உபுண்டு 2010 ஏப்ரலில் வெளியிட்ட பதிப்பில் அழகிய தொடக்கத்திரை இச்செய்திகளை மறைத்தது. தவிர்க்கவியலாதபோது மட்டும் ஓரிரு வரிகளை வெளியிட்டது. வட்டு இன்னும் ஆயத்தமாகவில்லை அல்லது இல்லை. காத்திருக்கலாம், எஸ் அழுத்தித் தவிர்க்கலாம், எம் அழுத்தி நேரடி மீட்புக்குச் செல்லலாம் என்பது அவற்றுள் ஒன்று. ‘ஆயத்தமாகவில்லை’ என்பதற்கும் ‘இல்லை’ என்பதற்கும் இடையே உள்ள தொலைவு, காத்திருப்பதற்கும் தரவை இழப்பதற்கும் இடையே உள்ள தொலைவாகும். அவ்விரண்டும் ஒரே தொடரில் ‘அல்லது’ எனும் சொல்லால் இணைக்கப்பட்டன.

7. விளக்குவதற்கு மாறாக மறைத்தல்

2012இல் விண்டோஸ் 8 சரிபார்ப்பு முறையையே மாற்றியமைத்தது. கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே முரண்கள் கண்டறியப்படுகின்றன. அவற்றுள் இயங்குநிலையில் திருத்த முடியாதவை மட்டும் அடுத்த தொடக்கத்திற்கு விடப்படுகின்றன. காத்திருக்கும் நேரம் மிகக் குறைந்தது. இது உண்மையான தொழில்நுட்ப முன்னேற்றம். ஆனால் திரையில் எஞ்சியது, வட்டு ஆராயப்பட்டுத் திருத்தப்படுகிறது என்ற ஒரு வரியும் ஒரு விழுக்காட்டு எண்ணும் மட்டுமே. அவ்வெண் ஓரிடத்தில் நின்றுவிட்டால் காத்திருப்பதா, நிறுத்துவதா என்பதற்கு விடை இல்லை.

இங்கு மறைந்துபோகும் வேறுபாடு ஒன்று உயிரானது. முறைமையின் முரண் வேறு. வன்தட்டின் உடற்பழுது வேறு. முன்னது பட்டியல் தவறியது. பின்னது பேழையே உளுத்தது. உளுத்த வட்டில் நெடிய சரிபார்ப்பை இயக்கினால், பழுதான பகுதிகளை மீண்டும் மீண்டும் படிக்க முயன்று நிலைமை மோசமாகலாம். அங்கு முதலில் செய்யத்தக்கது படியெடுத்தலே. வட்டுகள் தம் நலத்தைத் தாமே கண்காணித்து எச்சரிக்கும் ஸ்மார்ட் எனும் வசதி 1990களிலிருந்து உள்ளது. எனினும் அதன் எச்சரிக்கையும் முறைமைச் சரிபார்ப்பின் செய்தியும் பயனர் கண்ணுக்கு ஒரே கருந்திரையில் தோன்றும் ஆங்கில வரிகளே.

8. தமிழ் வாசகரின் நிலை

1997இல் சிங்கப்பூரிலும் 2001இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடைபெற்ற காலத்தில், எழுத்துருவும் குறியீடும் விசைப்பலகையும் நம் கணினித்தமிழின் தலையாய சிக்கல்களாக இருந்தன. அவற்றுள் பல தீர்ந்தன. ஆனால் தொடக்கச் செய்திகள் அவ்வெற்றியின் எல்லைக்கு வெளியே நின்றன. இதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. லினக்ஸின் உரைநிலைத் திரை, சமச்சீர்க் கட்டங்களில் ஒவ்வோர் எழுத்தாக அடுக்குவது. அதன் மரபான எழுத்துத் தொகுதி 256 அல்லது 512 வடிவங்களுக்கு மேல் கொள்ளாது. எகர, ஏகார, ஐகாரக் குறிகளை மெய்க்கு முன்னும், ஒகர, ஓகாரக் குறிகளை இருபுறமும் இட வேண்டிய தமிழின் எழுத்தமைப்பை அத்திரை அறியாது. ஆகவே தமிழில் இயங்கும் கணினியும், இடர் நேரும் முதற்கணத்தில் ஆங்கிலத்திற்குத் திரும்பிவிடுகிறது.

ஆயினும் மொழிபெயர்ப்பு மட்டுமே தீர்வாகாது. ‘அழுக்கான வட்டு’ என்று தமிழில் எழுதினும் மயக்கம் தீராது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரும் இச்செய்திகளின் முன் திகைத்தே நின்றனர். இங்கு வேண்டப்படுவது உரையாசிரியரின் பணியாகும்.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றால், வட்டுச் சரிபார்ப்புச் செய்திகளின் தெளிவின்மை படிப்படியாக நேர்ந்த ஒரு பிரிவின் விளைவு என்பது புலனாகிறது. யூனிக்ஸ் காலத்தில் மூலம் சுருங்கியிருந்தது, உரை விரிந்திருந்தது, வாசகர் பயின்றிருந்தார். டாஸ் காலத்தில் உரை நீங்கியது. விண்டோஸ் காலத்தில் மூலம் எளிமையானது. ஆனால் உண்மை குறைந்தது. இன்று மூலமும் மறைந்து ஒரு விழுக்காட்டு எண் எஞ்சியுள்ளது.

கோவால்ஸ்கியின் பின்னிணைப்பு இன்றும் முன்மாதிரியாகத் தக்கது. அதன் வழிநின்று நோக்கினால், தொடக்கச் செய்தி ஒவ்வொன்றும் மூன்று வினாக்களுக்கு விடை தர வேண்டும். இது வழக்கமான பராமரிப்பா, பிழை கண்டு எழுந்த சரிபார்ப்பா? கெட்டது பட்டியலா, பேழையா? ‘ஆம்’ என்றால் இழக்கப்போவது யாது? இம்மூன்றையும் இரண்டு வரிகளில் சொல்ல இயலும்.

அத்தகைய செய்தி வரும்வரை, அவ்வினாக்களைத் தாமே எழுப்பும் பயிற்சியை மாணவர்க்கு அளிப்பது ஆசிரியரின் பொறுப்பாகிறது. கணினிப் பாடத்தில் கட்டளைகளைக் கற்பிப்பது போலவே, செய்திகளைப் படிக்கவும் கற்பிக்க வேண்டும். சரிபார்ப்பு வெற்றியுடன் முடிந்தது என்று திரை சொன்னாலும், பட்டியலும் பேழையும் பொருந்தின என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. நூலின் பக்கங்கள் முழுமையாக உள்ளனவா என்பதை, நூலுக்கு உரியவர் திறந்து பார்த்தே அறிய வேண்டும். அதற்கு முன்பே ஒரு படி வேறிடத்தில் இருக்கவும் வேண்டும்.